எவலின் ஆன்ட்டி கட்டிய ஹார்பன்

பல்கலைக்கழகப் படிப்பை முடித்து இரண்டு பெட்டிகளோடு நான் எஸ்டேட்டுக்குத் திரும்பிய அன்று, அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்ன முதல் செய்தி என் பட்டத்தைப் பற்றியது அல்ல.

"பக்கத்து வீட்டு எவலினுக்கு என்னமோ ஆயிருச்சுடி. ஆள் உசரத்துக்கு ரோபோட் ஒண்ணு கட்டுறா. தலை இன்னும் வைக்கல. ஜன்னல் வழியா பாத்தா முண்டம் நிக்கிற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நல்லவிதமானது அல்ல என்பது இப்போது தெரிகிறது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் முதல் பட்டதாரி நான். வேதியியல். ரோபோட் செய்வதென்றால் அது நகரத்தில், படித்தவர்கள் செய்வது என்று என் மனதில் எங்கோ ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

எவலின் ஆன்ட்டிக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக வேலை. காய்ந்த தேயிலை சல்லடைகளில் குலுங்கி இறங்கும்போது பெரிய இலை, சிறிய இலை, தூள் என்று தனித்தனியாகச் சாக்கில் பிடிப்பார். கணவர் தோமஸ் அங்கிள் கம்போங் ராஜாவிலிருந்து கோலாலம்பூர் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பதில்லை. பிள்ளைகள் இருவரும் ஜொகூரில். இவ்வளவுதான் எனக்கு அவரைப் பற்றித் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருபது ஆண்டுகள் இருந்தவரைப் பற்றி இவ்வளவுதான்.

சலிப்பறைக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் பூ வைப்பதில்லை, தைலம் தேய்ப்பதில்லை, வாசனைச் சோப்புகூடப் போடுவதில்லை. சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றி, மல்லிகையின் மிச்சத்தையெல்லாம் கழுவிவிட்டுத்தான் திங்கட்கிழமை உள்ளே நுழைவார்கள். எவலின் ஆன்ட்டியின் மூக்கு அந்த அறையிலேயே பெயர்போனது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தியை வாசலிலேயே நிறுத்தி, "காலையில ஆரஞ்சு உரிச்சியா? போய்க் கையைக் கழுவிட்டு வா" என்று அனுப்பியவர்.

அவர் கட்டிய ரோபோட்டின் பெயர் ஹார்பன். அவர் சிறுமியாக இருந்தபோது எஸ்டேட் மண்டபத்தில் ஒரே ஒரு டிவி. வியாழக்கிழமை மாலைகளில் ஓர் ஆங்கிலத் தொடர், கீழே மலாய் எழுத்து. விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் கதை. அதில் வெளிக்கதவை ஒட்டி நிற்கும் இயந்திர மனிதன்தான் ஹார்பன். இத்தனை ஆண்டுகள் கழித்து, கைபேசியில் எதையோ தேடப்போய், உலகத்தின் பல மூலைகளில் ஆட்கள் தங்கள் வீடுகளில் அந்த ஹார்பனை அசல் அளவில் கட்டிக்கொண்டிருப்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு பதில். கோயில் ஃபாதரிடம், "கை சும்மா இருந்தா வாய் வம்பு பேசுது ஃபாதர்." என் அம்மாவிடம், "திருடன் வந்தா பயப்படுவான்லா." எனக்கு மூன்றாவது மாதம்தான் வேறொரு பதில் கிடைத்தது. அப்போது முழங்காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த ரோபோட் எல்லாம் சண்டை போடும். இவன் போடமாட்டான். கதவுகிட்ட நிப்பான். வெளியே போன ஆளுங்க எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் நகரமாட்டான். அது ஒரு வேலையா பாரு! ஆனா எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

எதையும் கட்டிப் பழகாத கை அது. முதல் உடம்பை அட்டைப்பெட்டிகளில் செய்தார். எங்கள் மலையில் கொடியில் போட்ட துணியே மூன்றாம் நாள்தான் காயும். ஒரு வாரம் மூடுபனி இறங்கி நின்றதும் ஹார்பனின் மார்பு பழுத்த பப்பாளி மாதிரி உள்வாங்கிவிட்டது. இரண்டாவது உடம்பு பலகையில். கைகளுக்குத் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாய். தலைக்குப் பிரிஞ்சாங் பாசாரில் வாங்கிய பேசின். பெருமையோடு விரல்களை ஒட்டி முடித்த பிறகுதான் இரண்டுமே இடது கை என்று தெரிந்தது. தோமஸ் அங்கிள் அன்று வீட்டில் இருந்தார்.

"நல்லதுதான். வேலை செய்யாம இருக்க இடது கைதான் வசதி."

"நீ ரெண்டு வலது கை வச்சுக்கிட்டு என்னத்தைக் கிழிச்ச?" என்றார் ஆன்ட்டி, நிமிராமலே.

ஹார்பன் கட்டுகிறவர்களின் குழுவுக்கு ஒரு பட்டியல் இருந்தது. முழுதாகக் கட்டி முடித்து, பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்துப் படம் அனுப்ப வேண்டும். உயரம் சரியாக நூற்று எண்பத்தெட்டு சென்டிமீட்டர். அப்படி அனுப்பினால் எண் கொடுத்துப் பெயரைப் போடுவார்கள். அதுவரை நாற்பத்தொரு பேர். மலேசியாவிலிருந்து யாரும் இல்லை.

"நாப்பத்திரெண்டு நான்தான்" என்றார் ஆன்ட்டி. எதையும் அவ்வளவு ஆசையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "என் பேரு இதுவரைக்கும் சம்பளச் சீட்டுலயும் கோயில் நோட்டுலயும்தான் இருக்கு."

அவருடைய கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதிக் குழுவுக்கு அனுப்புவது என் வேலையாயிற்று. எனக்கு வேறு வேலையும் இல்லை. ஊர் ஊராக விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிற்சாலையிலேயே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்கும் போட்டிருந்தேன்.

மார்புக்குப் பட்டி பூசி, ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. எங்கள் லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டில் சோறு இறங்கும். பெயிண்ட் நெடி நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்பாவுக்கு இருமல். அம்மா சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ எவலின்! உன் புருஷன்கூட இப்படி நாறினதில்லடி!"

"அவன் வாரத்துல மூணு நாள்தானே இருக்கான்! இவன் நாள் முழுக்க இருக்கான்லா!"

சிரித்தார்கள். ஆனால் அப்பாவின் இருமல் நிற்கவில்லை. பெயிண்டை நிறுத்திவிடுகிறேன் என்று ஆன்ட்டி மறுநாள் அம்மாவிடம் வந்து சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கு, படித்ததை எடுத்துக் கொடுக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது போலிருந்தது.

"ஆன்ட்டி, தேயிலை வாசனையை இழுக்கும்னு நீங்களே சொல்வீங்கல்ல? கழிவுத்தூளை மூட்டையா வாங்கிட்டு வந்து ஹார்பன் உள்ளயும் சுத்தியும் வச்சுப் பாருங்க. நெடி எல்லாம் அதுல போயிடும்."

சலித்து மிஞ்சும் நாரும் தூளும் தொழிலாளர்கள் செடிக்குப் போட எடுத்துப்போகக்கூடியதுதான். சாக்கை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆன்ட்டி மூன்று மூட்டை கொண்டுவந்தார். ஒன்றை ஹார்பனின் வயிற்றுக்குள் வாய்திறந்து வைத்தார், மற்ற இரண்டையும் காலடியில். பத்து நாளில் அறையில் நெடி அடங்கிவிட்டது. அம்மாவே எட்டிப் பார்த்து, "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்ததை மறைப்பதற்கில்லை.

அந்தத் தூளை எங்கே கொட்டுவது என்பதை நான் யோசிக்கவில்லை. ஆன்ட்டி யோசித்தார். வீட்டுக்குப் பின்னால் உள்ள கீரைப்பாத்தியில் போட்டால் கீரை நாறும். தொழிற்சாலைக்குப் பின்னால் குப்பைக்குழி இருக்கிறது. சாக்கையும் திருப்பித்தர வேண்டும். சனிக்கிழமை மாலை மூன்று மூட்டைகளையும் கொண்டுபோனபோது மழை கொட்டியது. சலிப்பறையின் பின்வாசலில் ஓரமாக வைத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து குழியில் கொட்டிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவர் ரஃபீக். வங்காளதேசத்துக்காரர், நான்கு ஆண்டுகளாக இங்கே. எஸ்டேட் முத்திரையிட்ட சாக்கு, உள்ளே தூள். வெந்நீர் பட்டால்தான் கிளம்பும் நெடி, காய்ந்த தூளில் அவருக்குத் தெரியவில்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, உணவுக்கடைகளுக்குப் போகும் தூள்பெட்டியில் கொட்டிக் கலந்துவிட்டார். திங்கட்கிழமை மூட்டைகளைக் காணாத ஆன்ட்டி, யாரோ குழியில் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சலிப்பறையில் இருந்த எல்லாரையும் சுவை பார்க்கும் அறைக்குக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலையின் உதவி மேனேஜர் புவனேஸ்வரன், முப்பத்தைந்து வயதுக்காரர். கேலியாகவும் பழக்கத்திலும் அவரைச் சின்ன துரை என்பார்கள். மேசையில் ஆறு கோப்பை தேநீர். ஒவ்வொருவராக முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஆன்ட்டியோடு வேலை செய்யும் பார்பரா அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்.

"பெயிண்ட்டு வாடை. குப்புனு அடிக்குது. அறுநூறு கிலோ தூளு, எல்லாம் குப்பை. எவலின் முகர்ந்து பாத்துட்டுக் கோப்பையைக் கீழ வைக்கவே இல்ல. அப்படியே நிக்கிறா. நான்தான் கையிலருந்து வாங்கி வச்சேன். ரஃபீக்குதான் கொட்டினது, அதனால அவன் தலையில வச்சுட்டாங்க. அடுத்த மாசம் அவன் பெர்மிட் புதுப்பிக்கணும். இனி எங்க? ஊருக்கு அனுப்பிருவாங்க."

பார்பரா போனதும் நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஆன்ட்டி ஹார்பனுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவனுக்குத் தலையும் வைத்தாகிவிட்டது. கண் விளக்குகளும் இடுப்புப் பட்டையும் மட்டும் பாக்கி.

"சொன்னா இவன் போயிருவான்" என்றார். "லைன் வீட்டுல பெயிண்ட் அடிக்கவே கூடாது. எடுத்து எறியச் சொல்லுவாங்க."

"நான் வர்றேன் ஆன்ட்டி. தூள் வைக்கச் சொன்னது நான்தானே."

"நீ வாயை மூடிக்கிட்டு இரு. உன் விண்ணப்பம் அதே மேசையில கிடக்கு."

நான் வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக மூடிக்கொண்டேன் என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. இன்னொரு முறை வற்புறுத்தியிருக்கலாம். அவர் மறுப்பார் என்று தெரிந்துதான் முதல் முறையே கேட்டேனோ என்னவோ.

மறுநாள் காலை அவர் போய்ச் சொல்லிவிட்டார். மாலையில் புவனேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் எங்கள் லைனுக்கே வந்தார். லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அவர் உள்ளே போய் ஹார்பனை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நான் கதவோரம், இரண்டு எட்டு தள்ளி.

"இது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது சார். நிக்கும்."

"நடக்குமா? பேசுமா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு?"

ஆன்ட்டி உள்ளங்கையால் ஹார்பனின் தோள் தூசியைத் துடைத்தார். ஃபாதருக்கும் அம்மாவுக்கும் விதவிதமாகப் பதில் வைத்திருந்தவர் அன்று தூசி துடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை. புவனேஸ்வரன் மார்பைத் தட்டிப் பார்த்தார், கையை முகர்ந்தார்.

"தூள் வச்சா நெடி போகும்னு யார் சொன்னது?"

"இருபத்து மூணு வருஷமா தேயிலையோட கிடக்கிறேன் சார். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

ஆன்ட்டி என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரஃபீக் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆன்ட்டியை ஆறு மாதத்துக்குச் சலிப்பறையிலிருந்து நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். ஹார்பன் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் லைன் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும்.

"நாத்து நடப்போறவ பூ வைக்கலாம்லா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார் ஆன்ட்டி. அம்மா சிரிக்கவில்லை. "உனக்குப் பெரிய வீராப்பு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

எங்கே கொண்டுபோவது? தோமஸ் அங்கிளின் தம்பி ஜெஃப்ரிக்குக் கம்போங் ராஜாவில் உரக்கடை. கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர். அங்கிள் போனில் பேசியது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. "பாதி ஸ்டோர் வேணாம்டா. ஒரு ஆள் நிக்கிற இடம் போதும். ஆமா, ஆள்தான். ஆள் மாதிரி." கடைசியில், "அவ முடிக்கட்டும்டா, பாவம்" என்றார். ஆன்ட்டியின் முகத்துக்கு நேராக அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

ஞாயிறு காலை லோரி வந்தது. தூக்குவதற்கு அங்கிள், ரஃபீக், இன்னும் இரண்டு பேர். படுக்கவைத்துக் கால் முன்னே போக வெளியே கொண்டுவந்தார்கள். கால் வெளியே வந்தது. விரித்த கைகள் வரவில்லை. வாசற்படிக்கு எதிரே முகப்புத் தூண். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கை தூணில் இடித்தது. கைகளைத் தோளோடு சேர்த்துப் பட்டி பூசிக் கல் மாதிரி இறுக்கியிருந்தார் ஆன்ட்டி.

"வெளிய போகணும்னு நினைச்சே கட்டலையா நீ?" என்றார் அங்கிள்.

"இவன் வெளிய போறவன் இல்ல. அதனால நினைக்கல."

மணி பதினொன்று. ரஃபீக் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, தூணை உடைக்கலாமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆன்ட்டி மட்டும் ஹார்பனைச் சுற்றி வந்து, தோளை, கழுத்தை, இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரம்பம் கேட்டார்.

"பாதியாக்கினா தூணைச் சுத்தி வளைச்சு எடுத்துறலாம். இடுப்புல வெட்டினா பட்டை மூடிக்கும். தோளை வெட்டினா காயம் தெரியும்."

"குடு, நான் அறுக்கிறேன்" என்றார் அங்கிள்.

"உன் கை கோணலா போகும்."

பென்சிலால் சுற்றிலும் கோடு போட்டு, கோட்டின் மேல் ரம்பத்தை வைத்தார். பத்து மாதம் கட்டியதை அறுக்க இருபது நிமிடம் ஆயிற்று. வேகமாக அறுக்கவில்லை. நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டு, மரத்தூளை வாயால் ஊதிக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நான்தான் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மேல்பாதியைக் கட்டிவைத்தால் போதும் என்று அங்கிள் சொல்லியும் கேட்காமல், ஆன்ட்டி லோரியின் பின்னால் ஏறி அதை மடியில் பிடித்துக்கொண்டார். நான் கால்பாதியைப் பிடித்துக்கொண்டேன். வழியில் உள்ள கியா பார்ம் சந்தையில் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை நெரிசல். லோரி நின்ற இடத்தில், கார்களிலிருந்து இறங்கிய சுற்றுலாக்காரர்கள் கைபேசியைத் தூக்கினார்கள். ஸ்ட்ராபெரி கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து, அதைக் கடை வாசலில் நிறுத்தினால் மாத வாடகை தருகிறேன் என்றார். கையில் ஒரு பெரிய ஸ்ட்ராபெரி கொடுத்துவிடலாமாம்.

"இன்னும் முடியல முதலாளி" என்றார் ஆன்ட்டி. "முடிஞ்சாலும் இவன் பழம் விக்கமாட்டான்."

வண்டி நகர்ந்ததும் நான் சொன்னேன். "நாளைக்குப் போய்ப் புவனேஸ்வரன் சார்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன் ஆன்ட்டி."

"சொல்லு. நீ சொன்னா என்னைச் சலிப்பறைக்குத் திருப்பி எடுப்பாங்களா? இவன் இடுப்பு ஒட்டிக்குமா?" கொஞ்ச தூரம் போன பிறகு, "உனக்காகச் சொல்றதுன்னா சொல்லு. எனக்காகன்னா வேணாம்" என்றார்.

நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை கிடைத்தது. அந்த மேசையில் ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்து முகர்ந்து பார்ப்பது இப்போது என் காலை வேலை. உனக்காக என்று அவர் சொன்னதற்கு என்ன பொருள் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

ஜெஃப்ரியின் ஸ்டோரில் உரமூட்டைகளின் நெடி கண்ணைக் கரித்தது. பெயிண்ட் அடித்தாலும் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. கால்பாதியை நிறுத்தி, மேலே மற்றப் பாதியைத் தூக்கி வைத்தோம். அங்கிள் கையைத் தட்டிவிட்டு, "சரி, நிக்கிறான். சாப்பிடப் போலாம்" என்றார்.

ஆன்ட்டி அளவுநாடாவை எடுத்தார். அடியை நான் பிடித்துக்கொண்டேன். உச்சியில் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டு மில்லி குறையுது. ரம்பம் தின்னுருச்சு."

"ரெண்டு மில்லி யாருக்கு ஆன்ட்டி தெரியும்? படத்துல தெரியவே தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, ஜெஃப்ரியிடம் ரெண்டு மில்லி கனத்தில் ரப்பர் ஷீட் கிடைக்குமா என்று கேட்டார்.